பழைய ஸ்பீக்கர் பெட்டியை நன்றாகப் பாட வைப்பது எப்படி? கொழும்பு வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

எழுபதுகளில் செய்த ஸ்பீக்கர் சோடி ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "இதற்கு எந்த அம்ப் (அம்ப்ளிஃபையர்) போடலாம்?" என்பதுதான். அது கடைசிக் கேள்வி. பெட்டி உயிரோடு இருக்கிறதா, அறையில் எங்கே வைப்பது, உள்ளே எது வயதாகிப் போயிருக்கிறது என்ற மூன்றையும் முடித்துவிட்டு அம்ப்புக்கு வந்தால் காசு மிச்சம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பெட்டியைத் திருத்துவது வேறு, மாற்றியமைப்பது வேறு. அதை வடிவமைத்தவர் ஐம்பது வருடங்களுக்கு முன்பு என்ன நினைத்தாரோ, அந்த நிலைக்கு அதைத் திரும்பக் கொண்டுபோனாலே போதும். "அப்கிரேட்" என்ற பெயரில் நடக்கும் வேலைகளில் பாதிக்கு மேல் பெட்டியைக் கெடுப்பவை.

கொழும்பில் கிடைக்கும் பழைய பெட்டிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, வார்ஃப்டேல், செலெஸ்டியன், கெஃப் போன்ற பிரித்தானியப் பெட்டிகள். மற்றது, 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு வந்து குவிந்த ஜப்பான் சாமான்: சான்சுய், பயனியர், டெக்னிக்ஸ், சோனி. மத்திய கிழக்கில் வேலை செய்தவர்கள் கொண்டுவந்தவையும் இதில் சேரும். ஏ.ஆர் (அக்கூஸ்டிக் ரிசர்ச்), ஜேபிஎல் போன்ற அமெரிக்கப் பெட்டிகள் அரிது, கிடைத்தால் விடாதீர்கள்.

முதலாவது: பாட்டுப் போடுவதற்கு முன் பரிசோதனை

வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு சத்தமாகப் பாட்டுப் போடாதீர்கள். முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றி, வூஃபரின் (தாழ் சுருதி பாடும் பெரிய ஸ்பீக்கர்) கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையமாக இருந்து, விரலில் பிசுபிசுப்பான கரும் தூள் ஒட்டினால் அது முடிந்துவிட்டது. ரப்பர் வளையம் நெகிழ்வாக இருக்க வேண்டும். மடிப்பு மடிப்பான துணி வளையம் என்றால் நிம்மதியாக இருக்கலாம். மர வேலைப்பாட்டு முகப்போடு வந்த சான்சுய் பெட்டிகள் பலவற்றில் அதுதான். இன்னொரு தலைமுறைக்கும் தாங்கும்.

அடுத்து, இரண்டு கையின் விரல்களையும் கூம்பின் நடுவிலுள்ள மூடிக்கு இருபுறமும் சமமாக வைத்து, மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உராயும் சத்தம் எதுவும் இல்லாமல் போய்வர வேண்டும். மணலில் தேய்ப்பது போல் ஒரு சரசரப்புக் கேட்டால் உள்ளே கம்பிச் சுருள் காந்தத்தில் முட்டுகிறது என்று அர்த்தம். அப்படியான பெட்டிக்கு விலையைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பெட்டி முழுவதும் மூடிய வகை என்றால் இதே தள்ளலில் இன்னொன்றும் தெரியும். கையை எடுத்ததும் கூம்பு சட்டென்று துள்ளித் திரும்பினால் எங்கோ காற்றுக் கசிகிறது. ஆறுதலாகத் திரும்பினால் பெட்டி இறுக்கமாக இருக்கிறது. எட்கார் வில்சர் 1954இல் ஏ.ஆர் நிறுவனத்தோடு கொண்டுவந்த வடிவமைப்பின் சாரமே இதுதான்: பெட்டிக்குள் அடைபட்ட காற்றே வூஃபருக்கு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. அந்தக் காற்று கசிந்தால் பேஸும் போச்சு.

மல்டிமீட்டர் இருந்தால் பின்பக்க முனைகளில் ஓம் அளந்து பாருங்கள். 8 ஓம் என்று எழுதிய பெட்டி சுமார் 5.5 முதல் 7 வரை காட்டும். 4 ஓம் பெட்டி 3 அல்லது 3.5. ட்வீட்டர் (உயர் சுருதி பாடும் சின்ன ஸ்பீக்கர்) இந்த அளவையில் தெரியாது. இடையில் நேர்மின்னை மறிக்கும் கப்பாசிட்டர் இருப்பதால் அதைத் தனியே கழற்றித்தான் அளக்க வேண்டும். ஒரு 1.5 வோல்ட் பற்றரியை முனைகளில் ஒரு கணம் தொட்டால் வூஃபர் முன்னே வர வேண்டும். பழைய ஜேபிஎல் மட்டும் விதிவிலக்கு. அந்த நிறுவனம் நெடுங்காலம் தலைகீழ் வழக்கத்தை வைத்திருந்தது. ஆகவே அது பின்னே போனால் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். முக்கியம், சோடியில் இரண்டும் ஒரே பக்கம் போக வேண்டும்.

பெட்டியில் குழாய் வாய் இருந்தால் டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். குளவிக் கூடு, பல்லி முட்டை, கரப்பான் எச்சம் எல்லாம் அங்கே இருக்கும். பெட்டியின் அடிப்பலகையையும் தட்டிப் பாருங்கள். சிப்போர்ட் ஈரத்தில் ஊதியிருந்தால் விளிம்பில் ஓடு கழன்று நிற்கும். கறையான் தின்றிருந்தால் வெற்றுச் சத்தம் வரும். முதலாவதை மரவேலை பாஸ் ஒருவர் பசையும் கிளாம்பும் போட்டு சரிசெய்துவிடுவார். இரண்டாவதற்கு வழி இல்லை.

இரண்டாவது: பெட்டியைத் திறக்குமுன் இடத்தை மாற்றுங்கள்

இதுதான் அதிகம் பலன் தரும் படி. சல்லிக்காசு செலவில்லை என்பதாலோ என்னவோ, யாரும் மதிப்பதில்லை.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கத்து அடுக்குமாடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். 30 பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடும். அந்த வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அறை எந்தச் சுருதியில் முனகும் என்று தெரியும். நீளத்துக்கு 48 ஹேர்ட்ஸ், அகலத்துக்கு 57, உயரத்துக்கு 64. மூன்றும் நெருங்கி நிற்பதைப் பாருங்கள். பேஸ் கிற்றாரின் கீழ்க் கம்பிகள் வாசிக்கும் இடம் அதுதான். எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாட்டைப் போட்டால் சில சுரங்கள் மட்டும் அறையே அதிர வெடிப்பதும், பக்கத்துச் சுரம் காணாமல் போவதும் இதனால்தான். ஸ்பீக்கர் மீது குற்றம் இல்லை.

இதற்கு முதல் மருந்து, உங்கள் கதிரையை நகர்த்துவது. நம் வீடுகளில் சோபா எப்போதும் பின்சுவரோடு ஒட்டித்தான் இருக்கும். அந்த முனகல்கள் எல்லாம் உச்சத்தில் இருப்பது சுவரோரத்தில். இரண்டு மூன்று அடி முன்னே இழுத்துப் போடுங்கள். அறையின் சரி நடுவும் வேண்டாம். அங்கே பேஸ் மெலிந்துவிடும்.

அடுத்தது பெட்டிகள். சுவரிலிருந்து எவ்வளவு தூரம் என்பது எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே விதி சொல்பவரை நம்பாதீர்கள். அமெரிக்காவின் பழைய மூடிய பெட்டிகள் சுவரையோ புத்தக ராக்கையையோ ஒட்டி வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றை அறை நடுவுக்கு இழுத்தால் பேஸ் வற்றிப்போகும். பிபிசி வழிவந்த பிரித்தானியப் பெட்டிகளுக்கு ஸ்டாண்டும் சுற்றிலும் வெளியும் வேண்டும். பெரிய ஜப்பான் பெட்டிகள் இரண்டுக்கும் நடுவில். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால், சுவரோடு ஒட்டித் தொடங்கி, நாலு விரற்கடை நாலு விரற்கடையாக முன்னே கொண்டுவாருங்கள். ஒரே பாட்டின் ஒரே முப்பது வினாடியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். தரையில் சோக்கால் கோடு போட்டுக்கொண்டால் நல்லது.

வூஃபர் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், பெட்டிக்குப் பின்னுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் அலை 87 ஹேர்ட்ஸ் பக்கத்தில் முன்னலையை அழிக்கும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத் தாழ் ஒலி திடீரென்று மெலிந்து கேட்டால் அதுதான் காரணம். முன்னேயோ பின்னேயோ ஓர் அடி நகர்த்துங்கள். பெட்டிக்குப் பின்னுள்ள சுவருக்கும் பக்கச் சுவருக்கும் ஒரே தூரம் விடாதீர்கள். இரண்டு குறையும் ஒரே இடத்தில் சேர்ந்துகொள்ளும்.

உயரம். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும். சாதாரணக் கதிரையில் இருப்பவரின் காது தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேலே. சாய்மனைக் கதிரை என்றால் அதற்கும் கீழே. பெரிய பெட்டியை டைல்ஸ் தரையில் நேரே வைத்தால் உயர் சுருதி முழங்காலுக்குப் போகும், பேஸ் தரையில் கூடி உருண்டுகொண்டே இருக்கும். ஓர் அடி உயர மரக் கட்டை ஒன்றின் மேல் ஏற்றி, முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கிச் சாய்த்தாலே பாடகர் தரையிலிருந்து எழுந்து நிற்பது போலிருக்கும். ஸ்டாண்ட் ஆடக்கூடாது. அதற்கு மேல் ஸ்டாண்டில் மந்திரம் ஒன்றும் இல்லை.

இரண்டு பெட்டிக்கும் இடையே ஆறடி, உங்களுக்கும் பெட்டிக்கும் ஆறேழு அடி என்று தொடங்கி, பெட்டிகளை உங்கள் பக்கம் லேசாகத் திருப்புங்கள். சரியான இடம் வந்ததற்கு ஓர் அடையாளம் உண்டு. ஒற்றைக் குரல் பதிவு ஒன்றைப் போடுங்கள். குரல் இரண்டு பெட்டியிலிருந்தும் வராமல், நடுவே வெறும் சுவரிலிருந்து வர வேண்டும். இலங்கை வானொலியின் பழைய அறிவிப்பாளர் குரல் பதிவு கையில் இருந்தால் அதைவிடச் சிறந்த சோதனை இல்லை. ஆண்குரல் பானைக்குள் பேசுவது போலிருந்தால் பெட்டி சுவருக்கு அதிகம் கிட்ட இருக்கிறது. குரல் தலைக்குள் சுற்றி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாவிட்டால், ஒரு பெட்டியின் வயர் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறது. சிவப்பையும் கறுப்பையும் சரிபாருங்கள்.

அறை பற்றி இன்னும் கொஞ்சம். சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். கையைத் தட்டினால் ஒரு கிணுகிணுப்பு எழுகிறதா? அது இருக்கும்வரை எந்தப் பெட்டியும் கூச்சலாகத்தான் கேட்கும். உங்களுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே தடித்த பாய் அல்லது கம்பளம், பக்கச் சுவரில் புத்தக ராக்கை, ஜன்னலுக்குக் கனத்த திரை. பழைய தும்பு மெத்தை இருந்தால் துணி போர்த்தி, பின்சுவரில் நிமிர்த்தி வையுங்கள். கடையில் விற்கும் மெல்லிய ஸ்பொஞ்ச் தகடுகளை விட அதிகம் உறிஞ்சும்.

ஜன்னல்கள் திறந்திருந்தால் பேஸ் வெளியே ஓடிவிடும், அறை முனகுவதும் குறையும். அதே அறையை அடைத்து ஏசி போட்டால் பேஸ் கொழுக்கும். ஆகவே எந்த நிலையில் வழக்கமாகக் கேட்பீர்களோ, அந்த நிலையிலேயே பெட்டியின் இடத்தை முடிவு செய்யுங்கள். மேலே சுற்றும் ஃபேன் இன்னொரு சனியன். இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலி விட்டுவிட்டு வந்து, நீண்ட நாதசுர இழுவையில் இல்லாத ஒரு நடுக்கத்தைச் சேர்க்கும். பாட்டு நேரத்தில் அதை நிறுத்திவிட்டு, நிற்கும் ஃபேனை உங்களுக்குப் பின்னால் வையுங்கள். கடலோரத்து ரயிலுக்கு மட்டும் மருந்து இல்லை, போகும்வரை இருக்க வேண்டியதுதான்.

மூன்றாவது: வளையம் மாற்றுவது

ஃபோம் வளையம் உதிர்வதற்குக் காரணம் அதிகச் சத்தம் அல்ல. பொலியூரித்தேன் ஃபோமை காற்றின் ஈரமே மெல்ல மெல்ல உடைக்கிறது. வருடம் முழுக்க ஈரம் நிற்கும் நம்மூரில் இது சீக்கிரமே நடக்கும். பாட்டே போடாமல் பூட்டிவைத்த பெட்டியிலும் நடக்கும்.

மாற்று வளையம் வாங்கும்போது வூஃபரின் அங்குல அளவு மட்டும் போதாது. கூம்பின் விட்டம், சட்டத்தின் உள்விட்டம், வளைவின் அகலம் மூன்றையும் அளந்து, முடிந்தால் மொடல் பெயரோடு வெளிநாட்டிலிருந்து வரவழையுங்கள். ரப்பர் போட்டால் ஈரத்துக்குத் தாங்குமே என்று தோன்றும். தாங்கும்தான், ஆனால் அதன் கனமும் விறைப்பும் வூஃபரின் இயல்புச் சுருதியை மாற்றிவிடும். ஃபோமோடு பிறந்ததற்கு ஃபோம்தான்.

வூஃபரைக் கழற்றும்போது இரும்புத் திருப்புளியைக் கவனம்: காந்தத்தின் பக்கத்தில் அது கையிலிருந்து பாய்ந்து கூம்பைக் குத்திவிடும். கடைசித் திருகாணியைத் தளர்த்தும்போது மற்றக் கையை மறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிசினை மரக் குச்சியாலும், ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த துணியாலும் சுரண்டி எடுங்கள். கடதாசிக் கூம்பு ஊறிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும்.

பசை, காய்ந்தால் கண்ணாடிபோல் தெளிவாகும் வெள்ளைப் பசை. சுப்பர் குளூ வேண்டாம், நகர்த்த அவகாசம் தராது. முதலில் வளையத்தைக் கூம்பில் ஒட்டி ஒரு நாள் காய விடுங்கள். மழைக் காலம் என்றால் இரண்டு நாள். பிறகு சட்டத்தில் ஒட்டும்போதுதான் கைப்பக்குவம். கம்பிச் சுருள் காந்த இடுக்கின் நடுவில் நிற்க வேண்டும். கைப்பேசியில் 30 ஹேர்ட்ஸ் தொனி தரும் ஆப் ஒன்றைப் போட்டு, அம்ப் வழியாக மிகக் குறைந்த சத்தத்தில் வூஃபரை ஆட விட்டபடியே வளையத்தை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் மயிரிழை நகர்த்துங்கள். உராய்வு நின்று கூம்பு ஊமையாக ஆடும் இடம் ஒன்று வரும். அங்கே அழுத்திப் பிடியுங்கள்.

துணி வளையத்தில் ஒட்டும் பசைபோல ஏதாவது பூசியிருந்தால் துடைக்காதீர்கள். அது அழுக்கில்லை, காற்றை அடைக்கும் பூச்சு.

நான்காவது: உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்

வூஃபரைக் கழற்றிய துவாரத்தின் வழியாகப் பஞ்சை எடுத்தால், சுருதிகளை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் க்ரொஸ்ஓவர் தெரியும். அந்தப் பஞ்சு பெரும்பாலும் கண்ணாடி நார். கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். எடுத்த அத்தனையையும் அப்படியே திரும்ப வைக்க வேண்டும், அதன் அளவும் வடிவமைப்பின் ஒரு பகுதி. எதையும் வெட்டுமுன் நாலு பக்கத்தாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செப்புச் சுருள்களுக்கு வயது இல்லை, அவற்றைத் தொடவேண்டாம். எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்கள்தான் கெடுபவை. ட்வீட்டருக்கு ஒரேயொரு 4 மைக்ரோஃபரட் மட்டும் உள்ள எளிய பெட்டியில், 8 ஓம் கணக்குக்கு அது சுமார் 5000 ஹேர்ட்ஸில் பிரிக்கும். வயதில் அதன் பெறுமானம் 6க்கு ஏறிவிட்டால் பிரிவு 3300க்கு இறங்கும். ட்வீட்டர் தாங்க வேண்டியதற்கு மேல் சுமக்கும். சத்தம் கரகரக்கும், ஒருநாள் எரிந்தும் போகும். வேறு சிலவற்றில் பெறுமானம் அப்படியே இருக்க, உள்தடை ஏறி, உயர் சுருதி மங்கிவிடும்.

புதியதை அதே பெறுமானத்தில், இரண்டு பெட்டியிலும் ஒரே நாளில் மாற்றுங்கள். முனைவு இல்லாத எலெக்ட்ரோலிட்டிக் அல்லது ஃபிலிம் வகை, 50 வோல்ட்டுக்கு மேல். ஃபிலிம் போட்ட பிறகு ட்வீட்டர் கொஞ்சம் முந்திக்கொண்டு பேசினால், தொடரில் 0.3 ஓம் அளவில் ஒரு தடை சேருங்கள், பழைய சமநிலை வந்துவிடும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் முனைவு இல்லாதது கிடைக்காவிட்டால் ஒரு வழி உண்டு: சாதாரணமானவை இரண்டின் மறை முனைகளை ஒன்றோடொன்று பற்றவையுங்கள், பெறுமானம் பாதியாகும். இரண்டு 10 சேர்ந்தால் 5. தற்காலிகத்துக்குப் போதும். சாதாரணமானது ஒன்றைத் தனியே போடவே கூடாது.

பின்னால் ட்வீட்டர் அளவைத் திருகும் குமிழ் இருந்தால், அதிலும் கடல் காற்று வேலை செய்திருக்கும். திருகும்போது கரகரத்தாலோ, ஓர் இடத்தில் ட்வீட்டர் செத்துப்போனாலோ, கொன்டக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை சுழற்றுங்கள். ஏ.ஆர் பெட்டிகளில் இது தீராத வியாதி. பச்சை பிடித்ததைப் பிரித்துத் தேய்க்க வேண்டிவரும்.

இதெல்லாம் செய்தும் ட்வீட்டர் மந்தமாக இருந்தால், இடுக்கில் இருக்கும் காந்தத் திரவம் காய்ந்து பசையாகியிருக்கலாம். எண்பதுகளின் ட்வீட்டர்களில் சாதாரணம். மைஒற்றுத் தாளை நறுக்கி இடுக்கைச் சுத்தம் செய்து புதுத் திரவம் விட்டால் உயிர் வந்துவிடும். யமஹாவின் என்எஸ்-1000எம் வைத்திருப்பவர்கள் மட்டும் குவிமாடத்தைச் சீண்டாதீர்கள். அது பெரிலியம், தூள் நச்சு.

ஐந்தாவது: அம்ப்பும் வயரும்

ஜப்பானிலிருந்து நேரே வந்த பழைய அம்ப் என்றால் பின்தகட்டைப் படிக்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். அது 100 வோல்ட், நம்முடையது 230. இறக்கு மின்மாற்றி ஒன்று கட்டாயம், அம்ப் இழுப்பதைவிடக் கூடுதலான திறனில். பிறகு ஸ்பீக்கரைப் பூட்டுமுன், பாட்டு இல்லாமல், அம்ப்பின் வெளியீட்டு முனைகளில் நேர்மின் அளவையை வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. பல வோல்ட் காட்டினால் அந்த அம்ப் உங்கள் வூஃபரைச் சுட்டுவிடும்.

வாட்ஸ் பற்றிப் பயம் வேண்டாம். அறையில் கேட்கும் அளவுக்கு இரண்டு மூன்று வாட்ஸ்தான் பெரும்பாலும் போகிறது. ஆனால் சத்தம் இரு மடங்காகக் கேட்க பத்து மடங்கு வலு வேண்டும் என்பதால், சின்ன அம்ப்பை முழுக்கத் திருகினால் அது அலையைத் தலை வெட்டி அனுப்பும். ட்வீட்டர்கள் அதிகம் சாவது அப்படித்தான். பிபிசியின் எல்எஸ் 3/5ஏ போன்ற சின்னப் பெட்டிகள் ஒரு வாட்டுக்கு 83 டெசிபல் பக்கம்தான் தரும். அவற்றுக்கு ஐம்பது வாட்ஸ் ஆடம்பரமல்ல. 4 ஓம் ஏ.ஆருக்குக் கனமான அம்ப் வேண்டும். சான்சுயின் பெரிய பெட்டிகளுக்கு எதுவும் போதும்.

வயருக்கு ஹார்ட்வெயார் கடையின் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் போதும். வருடத்துக்கு ஒருமுறை முனையை ஓர் அங்குலம் வெட்டிப் புதுச் செம்பைத் திருகுங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. டோன் குமிழைத் தொடக்கூடாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலப் பதிவுகளும் பெட்டிகளும் குமிழோடு சேர்த்துத்தான் செய்யப்பட்டவை, தாராளமாகத் திருகுங்கள். குறைந்த சத்தத்தில் பேஸைத் தூக்கிக் காட்டும் லவுட்னஸ் பொத்தானை மட்டும், சத்தம் கூட்டிய பிறகு அணைத்துவிடுங்கள்.

ஆறாவது: ஈரத்தோடு வாழ்வது

வெளிச்சுவரில் மழை அடிக்கும் பக்கம் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள், தென்மேல் பருவக்காற்று மாதங்களில் குறிப்பாக. கடதாசிக் கூம்பில் வெண்பூஞ்சை தெரிந்தால் காய்ந்த மென் தூரிகையால் தட்டிவிடுங்கள், ஈரத்துணி வேண்டாம். உபயோகிக்காத பெட்டியை பொலித்தீன் சுற்றி வைத்தால் உள்ளே ஈரம் சிறைப்படும். பருத்திச் சேலை போர்த்துங்கள். உதிரி ஃபோம் வளையம் வாங்கிச் சேர்த்து வைப்பதும் வீண். அலுமாரிக்குள் இருந்தபடியே அதுவும் உதிரும். அந்தக் காசுக்கு, ஒரே மொடலில் எரியாத ட்வீட்டர் ஒன்று எங்காவது கிடைத்தால் வாங்கி வையுங்கள். சோடியில் ஒன்று போனால் கடைக்காரர் காட்டும் "இதே சைஸ்" ட்வீட்டர் துவாரத்தில் பொருந்தும், சத்தத்தில் பொருந்தாது. அப்போது இரண்டு பெட்டியிலும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.